செம்மலையும் பசுமேனியும்

(சொற்பொழிவு)

திருவண்ணாமலை என்றவுடன் அடியவர் நெஞ்சில் முதற்கண் தோன்றும் நிறம் செம்மையே. அருணம் என்பது சிவப்பு. அசலம் என்பது அசையாத மலை. இரண்டும் கூடி அருணாசலம் என்னும் திருநாமம் ஆயிற்று. ஐம்பூதத் தலங்களுள் இது தீயின் தலம். அயனும் மாலும் அடிமுடி தேடிக் காணாது நின்றது தீப்பிழம்பாகிய திருவுருவம். கார்த்திகைத் திங்களில் மலையின் உச்சியில் விளங்குவதும் தீபமே. இவ்வாறு எத்திசை நோக்கினும் செந்நிறமே ஒளிரும் இத்தலத்தில் பசுமைக்கு இடம் யாது என ஒருவர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை பெருமானது திருமேனியிலேயே உள்ளது. செம்மேனி அம்மான் தன் உடம்பின் இடப்பாதியைப் பசுமேனி அம்மைக்கு ஈந்த தலம் இதுவேயாகும். ஆதலின், அண்ணாமலையில் செம்மையை மட்டும் கண்டு திரும்புகின்றவர் பாதித் தரிசனமே பெற்றவர் ஆகின்றார். மற்றைப் பாதியை எங்கே காண்பது, எவ்வாறு வழிபடுவது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

பச்சை என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் எங்கெங்கு வழங்குகின்றனர் என்று நோக்கினால் ஓர் அரிய உண்மை புலனாகும். இலையின் நிறம் பச்சை என்பது யாவரும் அறிந்தது. ஆனால் நிறமே இல்லாத தண்ணீரையும் பச்சைத் தண்ணீர் என்பர். காய்ச்சாத நீர் என்பது அதன் பொருள். புழுக்காத நெல்லைக் குத்தி எடுத்த வெண்ணிற அரிசி பச்சரிசி எனப்படும். சூளையில் இடாத செங்கல்லைப் பச்சைக்கல் என்பர். எரித்து ஆரத்தி காட்டும் சூடத்தினின்றும் வேறாய், திருமஞ்சன நீரிலும் பிரசாதத்திலும் கலக்கின்ற கற்பூரம் பச்சைக் கற்பூரம். அன்று பிறந்த மகவு பச்சைப் பிள்ளை. அதனைப் பெற்ற தாயின் உடல் பச்சை உடம்பு. இவை அனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கின், பச்சை என்பது வெறும் நிறப்பெயர் அன்று என்பது தெளிவாகும். தீயும் வெப்பமும் இன்னும் தீண்டாத புத்துயிர்ப்பிற்குத் தமிழ் இட்ட பெயர் அது. தீயின் தலத்தில் தீ தீண்டாது காத்த ஒன்று இருக்குமாயின், அஃது அருளின் அடையாளம் அன்றி வேறென்ன?

இதற்கு ஒரு சான்று திருக்கோயிலின் உள்ளேயே நிற்கின்றது. கிளி கோபுரத்தை வணங்காமல் அண்ணாமலையார் சந்நிதிக்குச் செல்பவர் இலர். அருணகிரிநாதர் கிளியுடலிற் புகுந்து விண்ணுலகப் பாரிசாத மலரைக் கொணரச் சென்றார் என்பதும், அவர் விட்டுச் சென்ற மனித உடலை மாற்றார் எரித்துவிட்டனர் என்பதும், மலருடன் மீண்ட அவர் கிளியாகவே கோபுரத்தில் அமர்ந்து முருகனைப் பாடினார் என்பதும் வழிவழி வந்த வரலாறு. எரிந்துபோனது உடல்; எரியாது நின்றது பாட்டு. செம்மலையின் பெயரையே தம் பெயராகக் கொண்ட அருணகிரியார், தீ விட்டுவைத்த பச்சைக் கிளியாக நின்றார் என்று இத்தலம் இன்றும் நினைவு கூர்கின்றது.

இனி, அம்மையின் வரலாற்றைக் காண்போர்க்கு இவ்வுண்மை மேலும் விளங்கும். எல்லப்ப நாவலர் அருளிய அருணாசல புராணம் முதலிய நூல்களும் வழிவழிக் கதைகளும் கூறுவது இது. கயிலையில் ஒருநாள் உமையம்மை விளையாட்டாக இறைவனின் திருக்கண்களைத் தன் கைகளால் பொத்தினாள். ஞாயிறும் திங்களும் தீயுமே அவன் கண்கள் ஆதலின் உலகங்கள் இருண்டன, உயிர்கள் வாடின. கணப்பொழுதே எனினும் உயிர்களுக்குத் தீங்கு நேர்ந்தமையால், அதற்குக் கழுவாயாக அம்மை நிலவுலகில் தவம் செய்யப் புறப்பட்டாள். காஞ்சியில் மாமரத்தின் நிழலில் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டாள். பின்னர் அண்ணாமலைக்கு எழுந்தருளி, கௌதம முனிவரின் வழிகாட்டலில் கடுந்தவம் இயற்றினாள். கார்த்திகைத் திருநாளில் இறைவன் ஒளியாய்த் தோன்றி அவளைத் தன் இடப்பாகத்தில் ஏற்றான். தவம் செய்த காலத்தில் அம்மை பச்சைத் திருமேனி கொண்டாள் என்பது ஊரார் மரபு. பச்சையம்மன் என்னும் திருப்பெயர் அதனைக் காட்டும்.

இக்கதையின் நடுவே உள்ள நுட்பத்தை அன்பர்கள் கருத வேண்டும். ஒளியை மறைத்தமையால் உயிர்களை வாட்டிய கை எதுவோ, அக்கையே பின்னர் உயிர்களை வாழ்விக்கும் பசுமையை ஏற்றது. தான் செய்த பிழைக்குக் கழுவாயாக அம்மை பசுமையாகவே ஆயினாள். ஒளிக்கும் பசுமைக்கும் உள்ள இவ்வுறவை இன்றைய அறிவியலும் தன் மொழியில் கூறுகின்றது. இலையினுள் பச்சையம் என்னும் பொருள் உண்டு. அது கதிரவன் ஒளியிலுள்ள செந்நிறக் கதிர்களையும் நீலநிறக் கதிர்களையும் மிகுதியாக உட்கொள்கின்றது. பச்சைக் கதிர்களைப் பெரும்பாலும் உட்கொள்ளாது திருப்பிவிடுகின்றது. அவ்வாறு திரும்பி வரும் கதிரே கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றுகின்றது. உட்கொண்ட ஒளியின் ஆற்றலைக் கொண்டு, நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உணவாக மாற்றி, மூச்சுக்கு வேண்டிய உயிர்வளியை இலை வெளியே விடுகின்றது. செம்மையை உண்டு பசுமையைக் காட்டி, உணவையும் உயிர்ப்பையும் ஈவதே இலையின் தொழில். சிவனது ஒளியை ஏற்றுச் சத்தி உலகைப் புரக்கின்றாள் என்று சைவம் கூறுவதற்கு, ஒவ்வோர் இலையும் ஓர் உவமையாக நிற்கின்றது.

கண்ணும் இதற்கு இசைந்தே அமைந்துள்ளது. பகலொளியில் மனிதக் கண் மிகவும் கூர்ந்து உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை அடுத்த ஒளியை. அது பச்சையின் எல்லைக்குள் அடங்கியது. செம்மண் வெளியில் நெடுந்தொலைவு நடந்து களைத்தவன், வழியில் ஒரு நாற்றங்காலைக் கண்டவுடன் நின்றுவிடுகின்றான். நெருக்கமாய் எழுந்து காற்றில் ஒருங்கே சாயும் அந்த இளம்பச்சையை அவன் விலை கொடுத்து வாங்கவில்லை. ஆயினும் அவன் களைப்பு நீங்குகின்றது.

அண்ணாமலையின் அடிவாரத்தில், நகரின் ஆரவாரத்திற்கு அப்பால், பச்சையம்மன் கோயில் அமைந்துள்ளது. மக்கள் பொங்கலிட்டு வழிபடும் இக்கோயிலில், 1905ஆம் ஆண்டில் ஊரில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், ரமண மகரிஷிகள் சில திங்கள் தங்கியிருந்தார். மலைக் குகைகளில் பல்லாண்டு வாழ்ந்த அவர், மலையின் மரஞ்செடிகளையும் உயிர்களையும் உறவாகவே கருதியவர். அவர்பால் பேரன்பு பூண்டு நாள்தோறும் உணவு கொணர்ந்த எச்சம்மாள், இலட்சம் இலைகளால் அர்ச்சிப்பதாக ஒருமுறை நோன்பு கொண்டார். பாதி முடிந்தபோது கோடை வந்துவிட்டது. இலை கிடைப்பது அரிதாயிற்று. என் செய்வது என்று அவர் வினவ, இலை கிடைக்காவிடின் தம் உடலையே கிள்ளிக் கிள்ளி அர்ச்சிக்கலாமே என்றார் மகரிஷி. வலிக்குமே என்று அம்மையார் கூற, கிள்ளினால் மரத்திற்கு மட்டும் வலிக்காதா என்னும் கருத்தில் விடையளித்தார். இலையால் வழிபடுதல் தவறென்பது இதன் பொருள் அன்று. இறைவனுக்குச் சாத்தும் வில்வத்தையும், அதனை ஈந்த மரத்தையும் ஒரே அன்பால் நோக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

குடமுழுக்கு விழாவை அணுகிக் காண்பவர்க்குப் பசுமையின் பெருமை இன்னும் தெளிவாகத் தோன்றும். வேள்விச்சாலையில் தீ வளர்ப்பதற்கு முன்பே விதை ஊன்றப்படுகின்றது. முளையிடுதல் என்றும் அங்குரார்ப்பணம் என்றும் வழங்கும் அச்சடங்கில், பாலிகைக் கிண்ணங்களில் தூய மண்ணிட்டு, பாலில் நனைத்த தானியங்களை இரவு வேளையில் விதைப்பர். பயிர்களுக்குத் தலைவன் திங்கள் ஆதலின் இரவு ஏற்றது என்பர். முளைகள் நேராகவும் செழிப்பாகவும் எழுமாயின் ஊருக்கு நன்மை என்றும், கருகியும் கோணியும் எழுமாயின் அதற்குரிய கழுவாய் செய்ய வேண்டும் என்றும் ஆகமங்கள் விதிக்கும். எத்துணைப் பொருட்செலவில் விழா எடுத்தாலும், அதன் நன்மை தீமையை உரைக்கும் உரிமையை ஆகமம் ஒரு சிறு முளையின் பசுமைக்கு அளித்துள்ளது!

அதன்பின் வாயிலில் குலைவாழை நிற்கின்றது. மாவிலைத் தோரணம் ஆடுகின்றது. குடத்தின் வாயில் மாவிலைக் கொத்தும், அதன்மீது தேங்காயும், தருப்பைக் கூர்ச்சமும் அமைகின்றன. கோபுரத்தின் உச்சியில் பொன்னொளி வீசும் கலசத்தின் உள்ளே வரகு முதலிய தானியங்களை நிரப்புவது தொன்றுதொட்ட வழக்கம். புறத்தே பொன்னாகத் தோன்றினும் அகத்தே இருப்பது விதை. விழா முடிந்து அன்னம் பாலிக்கும்போது வாழையிலை விரிகின்றது. விடைபெறுவோர் கையில் வெற்றிலை அமைகின்றது. வீட்டு முற்றத்துத் துளசியும், பிள்ளையாருக்கு அணியும் அருகும், அடியவர் உண்ணும் கீரையும் இப்பசுமையின் தொடர்ச்சியே. நாள்தோறும் கையாள்வதாலேயே இவை கண்ணில் படாமல் போகின்றன. வாழையிலையில் உண்டு எழுந்தவர் உணவைப் புகழ்வர். உணவை ஏந்திய இலையை நினைப்பவர் சிலரே.

இவ்வளவும் கூறியபின், அம்மையின் பாகமாகிய பசுமை இம்மலையில் எந்நிலையில் உள்ளது என்பதையும் எண்ணுதல் கடமையாகும். கார்த்திகை என்பது மழைத் திங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து, பாறை இடுக்குகளிலும் புல் தளிர்த்து, மலை பசும்பட்டு உடுத்த காலத்தில்தான் அதன் உச்சியில் தீபம் ஏற்றப்படுகின்றது. அடியிலிருந்து நோக்குவார்க்கு மேலே செஞ்சுடரும் கீழே பசுமேனியுமாகத் தோன்றும் அக்காட்சி, அம்மையும் அப்பனும் ஓருருவாய் நின்ற காட்சியே அன்றோ! அத்தீ கொப்பரைக்குள் அடங்கி, நெய்யை மட்டும் உண்டு, உலகிற்கு ஒளி தருகின்றது. ஆனால் மாசி பங்குனியில் அப்புல் சருகானபின், எவரோ எறிந்த நெருப்புத் துண்டினாலும், கொளுத்திவிட்டு மறந்த சூடத்தினாலும் மலைச் சரிவில் மூளும் தீ அத்தகையது அன்று. அது கொப்பரை அறியாது, எல்லை அறியாது. கன்றுகளையும், பறவைக் கூடுகளையும், ஊர்வனவற்றையும் உண்டு செல்வது. உச்சித் தீ வழிபாடு. சரிவுத் தீ அம்மையின் ஆடையில் இட்ட நெருப்பு.

முற்காலத்தில் வேங்கையும் சிறுத்தையும் உலவிய இம்மலை, விறகுக்காக வெட்டுண்டும், ஆடுமாடுகளின் மேய்ச்சலாலும், ஆண்டுதோறும் மூண்ட தீயாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதும் வெறும்பாறையாயிற்று. 1980களின் இறுதியில் அடியார்கள் சிலர் கூடி மலையை மீண்டும் பசுமையாக்க முற்பட்டனர். பின்னர்த் தொண்டு அமைப்புகளும் வனத்துறையும் அப்பணியில் ஈடுபட்டன. நாற்றங்கால் அமைத்து, மழைக்கு முன் குழி தோண்டி, மழைக்காலத்தில் கன்றுகளைத் தோளிற் சுமந்து மலையேறி நட்டவர்களும், கோடையில் தீ பரவாதபடி புல்லை அகற்றித் தடங்கள் அமைத்தவர்களும், தீ மூண்டபோது நள்ளிரவிலும் பசுந்தழை கொண்டு அடித்து அணைத்தவர்களும் பலர். அவர்களுடைய பெயர்கள் எக்கல்வெட்டிலும் இல்லை. வெறும்பாறையாய்க் கிடந்த சரிவுகளில் இன்று நிழல் தரும் மரங்களே அவர்களுக்குக் கல்வெட்டு.

2024ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை இங்கு மறைத்தல் தகாது. ஃபெஞ்சல் புயலால் பெருமழை கொட்டிய டிசம்பர் 1ஆம் நாள், அசலம் என்று பெயர் கொண்ட மலையின் சரிவில் மண் அசைந்தது. பாறையும் சேறும் அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட 7 உயிர்கள் மாண்டன. அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள் மகாதீபம் ஏற்றப்பட்டபோது, பக்தர்கள் மலையேற இசைவு அளிக்கப்படவில்லை. அத்தகைய பெருமழையை எக்காடும் முற்றிலும் தாங்கிவிடும் என்று கூறுவது மிகையாகும். எனினும், வேர் மண்ணைப் பற்றுவதும், இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிப்பதும், சருகு நீரை உறிஞ்சி நிறுத்துவதும் எந்நாளும் மாறாத உண்மைகள். குழந்தையின் கையைத் தாய் பற்றியிருப்பது போல மலையின் மண்ணை வேர் பற்றியிருக்கின்றது. அப்பிடியைத் தளர்த்துவது அடிவாரத்தில் உறங்குவோர்க்குச் செய்யும் தீங்கு. அதனை உறுதியாக்குவது அவர்களுக்குச் செய்யும் அறம்.

திருப்பணிச் செல்வர்கள் இதனைத் தம் பணிக்குப் புறம்பானதாகக் கருதத் தேவையில்லை. திருவிளக்கிற்கு நெய் அளித்ததையும், திருநந்தவனத்திற்கு நிலம் அளித்ததையும் பழைய கல்வெட்டுகள் அருகருகே கூறுகின்றன. முன்னோர் தீயையும் பசுமையையும் ஒரே கொடையின் இரு கைகளாகவே மதித்தனர். திருக்கோயிலினுள் தலமரமாகிய மகிழமரம் சந்நிதிக்கு நிகராக வலம்வரப்படுகின்றது. 14 கிலோமீட்டர் நீண்ட மலைவலப் பாதையில் வெறுங்காலுடன் நடப்பவர்க்கு, வழியோர மரத்தின் நிழல் ஒவ்வொன்றும் ஓர் அன்னசத்திரத்திற்கு ஒப்பாகும்.

மரபுப்படி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்தல் வேண்டும் என்பர். 12 ஆண்டு என்பது ஒரு கன்று மரமாகும் காலமும் ஆகும். ஆதலின், குடமுழுக்கில் பங்கு கொள்ளும் ஒவ்வொரு குடும்பத்தாரும் அவ்வாண்டிலேயே ஒரு கன்றை நட்டு, மூன்று கோடைகள் மட்டும் அதற்கு நீர் வார்த்துக் காப்பாராயின், அடுத்த குடமுழுக்கிற்கு வரும் பேரப்பிள்ளைகள் அம்மரத்தின் நிழலில் அமர்வர். நடுதல் ஒருநாட் பணி, காத்தலே தவம். புங்கு, நாவல், இலுப்பை, மகிழ், வேம்பு என மண்ணுக்குப் பழகிய மரங்களே ஏற்றவை. மலையிலோ அரசு நிலத்திலோ நடுவதாயின் வனத்துறையினரின் இசைவையும் வழிகாட்டலையும் பெறுதல் முறை. சொந்த ஊரின் குளக்கரையிலோ, குலதெய்வக் கோயிலின் வாயிலிலோ நட்டாலும் அம்மை ஏற்பாள். பச்சையம்மனுக்கு எல்லை ஒரூர் மட்டும் அன்று. மலைச் சரிவில் சூடம் கொளுத்தாதிருத்தலும், நெகிழிப் பைகளை விட்டு வராதிருத்தலும் பொருட்செலவு சிறிதும் இல்லாத திருப்பணிகள். வறியவரும் செய்யக்கூடிய கொடை அது.

திருவெம்பாவை அண்ணாமலையில் அருளப்பெற்றது என்பது மரபு. அதன் 20 பாடல்களுள் பதினாறாவதில் மாணிக்கவாசகப் பெருமான் மழையை வேண்டுகின்றார். அங்கு மேகத்தின் நிறமும், மின்னலும், இடியும், வானவில்லும் ஆகிய அனைத்தையும் அம்மையின் திருமேனியாகவும் திருவருளாகவுமே கண்டு பாடுகின்றார். தீத்தலத்தில் இருந்து பாடிய திருவாய் மழையை வேண்டியது! மழையை வேண்டுவோர் அம்மழையை ஏந்திக்கொள்ளும் பசுமையையும் காத்தல் வேண்டும் அன்றோ?

மெய்யன்பர்களே! அடுத்த கார்த்திகையில் உச்சித் தீபம் கண்டு கைகள் தலைமேற் குவியும்போது, கண்கள் ஒருகணம் கீழிறங்கி மலையின் மேனியையும் நோக்கட்டும். சுடரைக் கண்டு அப்பனை வணங்கிய உள்ளம், தளிரைக் கண்டு அம்மையையும் வணங்கட்டும். அன்று தரிசனம் முழுமை பெறும். உண்ணாமுலை அம்மை உடனாய அண்ணாமலையார் திருவருளால் மழை தவறாது பொழிக. மலை பசுமை குன்றாது விளங்குக. அதன் அடியில் வாழும் குடிகள் அச்சமின்றி உறங்குக.

திருச்சிற்றம்பலம்.